மோட்டார் இல்லம்

மோட்டார் இல்லம் என்பது, படுக்கை, சமையலிடம், கழிவறை, நீர்த்தொட்டி முதலிய வசிப்பிட வசதிகளைத் தன்னுள்ளேயே கொண்டு, சொந்த எந்திரத்தால் இயங்கும் ஊர்தி ஆகும். காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் கேரவன் எனப்படும் இழுவை வண்டியிலிருந்து இது வேறுபட்டது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய பகுதிகளில் விடுமுறைப் பயணத்துக்கு இது பரவலாகப் பயன்படுகின்றது. பணி ஓய்வு பெற்றவர்களும் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்தினரும் இதனை வாங்குவோரில் கணிசமானவர்கள்.

மோட்டார் இல்லத்தின் உரிமையாளர் ஒரே நேரத்தில் ஒரு வாகனத்துக்கும் ஒரு வீட்டுக்கும் பொறுப்பாளர் ஆகின்றார். வாகனம் என்ற முறையில் எடை வரம்பு, ஓட்டுநர் உரிமம், டயர், காப்பீடு ஆகியவை அவரைக் கட்டுப்படுத்துகின்றன. வீடு என்ற முறையில் நீர், மின்சாரம், எரிவாயு, கழிவு, கூரைக் கசிவு ஆகியவற்றை அவரே கவனிக்க வேண்டியுள்ளது. ஊர்தியின் விலையைக் காட்டிலும் இந்த வரம்புகளே அதனை எந்த அளவுக்குப் பயன்படுத்த முடியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை பெரும்பாலும் பிரித்தானியா, செருமனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் நடைமுறையை விளக்குகின்றது.

பெயர்

பிரித்தானியாவில் பெரிய ஊர்திகள் மோட்டார்ஹோம் என்றும், சிறிய வேன்களில் அமைக்கப்பட்டவை கேம்பர்வேன் என்றும் அழைக்கப்படுகின்றன. செருமன் மொழியில் வோன்மொபில் என்பது பெயர். ஐக்கிய அமெரிக்காவில் மோட்டார் இல்லங்களையும் இழுவை வண்டிகளையும் சேர்த்து ஆர்.வி. என்று குறிப்பிடுவர். தமிழ்நாட்டில் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கப் பயன்படும் ஊர்தி கேரவன் என்று அழைக்கப்படுகின்றது. அது வசதியில் மோட்டார் இல்லத்தை ஒத்திருந்தாலும் பயணத்தில் தங்கி வாழ்வதற்கானது அன்று.

வரலாறு

அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் 1910 இல் படுக்கையாக விரியும் இருக்கையும் கழுவுதொட்டியும் கொண்ட பயண ஊர்தி ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. செருமனியில் 1950 இல் வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டைப் 2 வேன் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அந்த வேனுக்குள் பொருத்தக்கூடிய முகாம் தளவாடங்களைத் தயாரித்தது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த வின்னபேகோ நிறுவனம் 1966 இல் மோட்டார் இல்லங்களை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் பெயரே அமெரிக்காவில் இவ்வகை ஊர்திக்குப் பொதுப்பெயர் போல வழங்கலாயிற்று.

ஐரோப்பாவில் 1981 முதல் உற்பத்தியாகும் ஃபியட் டுக்காட்டோ சரக்கு வேன், மோட்டார் இல்லங்களுக்கு மிகுதியாகப் பயன்படும் அடித்தளமாக விளங்குகின்றது. செருமனியின் பாட் வால்ட்சே நகரில் தலைமையகம் கொண்ட எர்வின் ஹைமர் குழுமத்தை அமெரிக்காவின் தோர் இண்டஸ்ட்ரீஸ் 2019 இல் வாங்கியது. 2020 இல் தொடங்கிய கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் விமானப் பயணமும் விடுதிகளும் முடங்கியபோது, மோட்டார் இல்லங்களை முதன்முறையாக வாங்குவோரின் எண்ணிக்கை பெருகியது.

வகைகள்

ஐரோப்பாவில் மோட்டார் இல்லங்கள் பொதுவாக நான்கு வகைப்படும்.

* வேன் மாற்று வகை: தொழிற்சாலையில் உருவான சரக்கு வேனின் உலோகக் கூட்டினுள்ளேயே தளவாடங்கள் பொருத்தப்படும். அகலம் குறைவாதலால் குறுகிய சாலைகளுக்கு ஏற்றது. உள்ளிடம் சிறியது.
* தாழ்கூரை வகை: ஓட்டுநர் அறை மட்டும் மூல வாகனத்தினுடையது. அதன் பின்னால் தனிக்கூடு கட்டப்படும்.
* மேல்படுக்கை வகை: தனிக்கூடு ஓட்டுநர் அறைக்கு மேலும் நீண்டு, அங்கே இருவர் படுக்க இடம் இருக்கும். குடும்பங்கள் விரும்பும் வகை இது. காற்றுத் தடை அதிகம்.
* முழுக்கூடு வகை: முகப்பு உட்பட உடல் முழுவதையும் மோட்டார் இல்லத் தயாரிப்பாளரே கட்டுவார். உள்ளிடமும் விலையும் அதிகம்.

ஐக்கிய அமெரிக்காவில் இவை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. பேருந்து அளவிலான பெரிய ஊர்திகள் ஏ வகுப்பையும், வேன் மாற்றங்கள் பி வகுப்பையும், மேல்படுக்கை உடையவை சி வகுப்பையும் சேர்ந்தவை.

ஓர் ஊர்தியில் நால்வர் உறங்கலாம் என்று குறிப்பிடப்பட்டிருந்தால், நால்வர் பயணம் செய்யலாம் என்று பொருள் கொள்ளலாகாது. படுக்கைகளின் எண்ணிக்கையும் இருக்கைப் பட்டை பொருத்திய இருக்கைகளின் எண்ணிக்கையும் வேறுபடலாம். நான்கு படுக்கைகளும் இரண்டே பயண இருக்கைகளும் கொண்ட ஊர்திகளும் விற்பனைக்கு வருகின்றன.

எடையும் சுமைத்திறனும்

ஐரோப்பாவில் விற்பனையாகும் மோட்டார் இல்லங்களில் பெரும்பாலானவை 3,500 கிலோகிராம் என்ற உச்ச எடைக்குள் பதிவு செய்யப்படுகின்றன. சாதாரண கார் ஓட்டுநர் உரிமத்தின் எல்லை அதுவாக இருந்து வந்துள்ளமையே இதற்குக் காரணம். உச்ச எடை என்பது ஊர்தி, எரிபொருள், மனிதர், நீர், பொருட்கள் அனைத்தும் சேர்ந்த மொத்த எடையாகும்.

தயாரிப்பாளர் குறிப்பிடும் இயங்குநிலை எடையில் 75 கிலோகிராம் எடையுள்ள ஓட்டுநரும் எரிபொருள் தொட்டியின் 90 விழுக்காடு எரிபொருளும் அடங்கும். நீர்த்தொட்டி முழுவதும் நிரம்பியதாகக் கணக்கிடப்படுவது அரிது. பல தயாரிப்பாளர்கள் பயணத்துக்கு 20 லிட்டர் நீரை மட்டுமே கணக்கில் சேர்க்கின்றனர். உச்ச எடைக்கும் இயங்குநிலை எடைக்கும் இடையிலான வேறுபாடே சுமைத்திறன் ஆகும். மற்றப் பயணிகளும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்றுக்கான மாதிரிக் கணக்கு வருமாறு. ஊர்தியின் இயங்குநிலை எடை 3,060 கிலோகிராம், உச்ச எடை 3,500 கிலோகிராம், எனவே சுமைத்திறன் 440 கிலோகிராம் எனக் கொள்க.

* இரண்டாவது பெரியவர்: 70 கிலோகிராம்
* இரண்டு பிள்ளைகள்: 80 கிலோகிராம்
* 100 லிட்டர் தொட்டியை நிரப்பக் கூடுதலாகத் தேவைப்படும் 80 லிட்டர் நீர்: 80 கிலோகிராம்
* நான்கு மிதிவண்டிகளும் தாங்கியும்: 75 கிலோகிராம்
* பக்கவாட்டில் விரியும் துணிப்பந்தல்: 30 கிலோகிராம்
* இரண்டாவது மின்கலம்: 25 கிலோகிராம்
* உடைகளும் படுக்கை விரிப்புகளும்: 60 கிலோகிராம்
* உணவும் பாத்திரங்களும்: 50 கிலோகிராம்
* மடக்கு மேசையும் நாற்காலிகளும்: 25 கிலோகிராம்

மொத்தம் 495 கிலோகிராம். அதாவது வரம்பைவிட 55 கிலோகிராம் அதிகம். இப்பட்டியலில் ஆடம்பரம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பயணத்தின்போது நீர்த்தொட்டியை நிரப்பாமல் 20 லிட்டருடன் புறப்பட்டு, தங்குமிடத்தை அடைந்தபின் நிரப்பினால் 80 கிலோகிராம் குறையும். அப்போது ஊர்தி வரம்புக்குள் வந்து 25 கிலோகிராம் மிஞ்சும். நடைமுறையில் பல குடும்பங்கள் இவ்வழியையே கையாளுகின்றன.

மொத்த எடை சரியாக இருந்தாலும் அச்சுகளின் மீதான எடை மீறப்படலாம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் தூரம் உள்ள ஊர்தியில், பின்னச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 100 கிலோகிராம் பொருளை ஏற்றினால் பின்னச்சின் சுமை 150 கிலோகிராம் கூடும். நெம்புகோல் விளைவால் முன்னச்சின் சுமை 50 கிலோகிராம் குறையும். முன்சக்கர இயக்கம் கொண்ட ஊர்திகளில் இதனால் முன்சக்கரங்களின் பிடிமானம் குறைகின்றது. ஈரமான புல்வெளியில் இத்தகைய ஊர்திகள் சிக்கிக்கொள்வதற்கு இது முக்கிய காரணமாகும்.

உண்மையான எடையை அறிவதற்கு நம்பகமான வழி, பயணத்துக்கு ஆயத்தமான நிலையில் அனைவரும் அமர்ந்திருக்க, ஊர்தியைப் பொது எடைமேடையில் நிறுத்தி மொத்தமாகவும் அச்சுவாரியாகவும் எடை பார்ப்பதே ஆகும். வரம்பை மீறினால் தண்டம் விதிக்கப்படுவதோடு, எடையைக் குறைக்கும் வரை பயணத்தைத் தொடரவும் காவல்துறை தடை விதிக்கலாம். தடுப்பு விசை பற்றாமையும் டயர் வெடித்தலும் அதனினும் பெரிய ஆபத்துகளாகும்.

ஓட்டுநர் உரிமம்

பிரித்தானியாவில் 1997 சனவரி 1 ஆம் நாளுக்கு முன்னர் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள் 7,500 கிலோகிராம் வரையிலான ஊர்தியை ஓட்டும் சி1 உரிமையையும் பெற்றனர். அதன் பின்னர் தேறியவர்கள் இந்த எடைப் பிரிவுக்குத் தனித் தேர்வு எழுத வேண்டும். செருமனியில் 1999 க்கு முன்னர் வழங்கப்பட்ட பழைய மூன்றாம் வகுப்பு உரிமமும் 7,500 கிலோகிராம் வரை செல்லும்.

பிரித்தானியாவில் 70 வயதை எட்டும்போது சி1 உரிமை தானாகத் தொடர்வதில்லை. அதனைத் தக்கவைக்க மருத்துவப் பரிசோதனை அறிக்கையுடன் விண்ணப்பிக்க வேண்டும். பார்வைக் குறைவோ வேறு நோயோ இருப்பின் உரிமை மறுக்கப்படலாம். ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொண்டு 4,500 கிலோகிராம் ஊர்தியை வாங்கிய ஒருவர், கார் ஓட்டத் தகுதி பெற்றிருந்தும் தம் சொந்த மோட்டார் இல்லத்தை ஓட்ட முடியாத நிலை இதனால் ஏற்படுகின்றது. 60 வயதுக்கு மேல் வாங்குவோர் எடைப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது இதனையும் கருத வேண்டியுள்ளது.

சுமைத்திறன் போதாத ஊர்தியின் உச்ச எடையைப் பொறியியல் ஆய்வுக்குப் பின் ஆவணங்களில் உயர்த்திக்கொள்வது சில மாதிரிகளில் இயலும். ஆனால் 3,500 கிலோகிராமைக் கடந்தவுடன் உரிமப் பிரிவும் வேக வரம்பும் சாலைக் கட்டணமும் மாறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 இல் ஏற்றுக்கொண்ட புதிய ஓட்டுநர் உரிம நெறிமுறை, கூடுதல் பயிற்சி அல்லது தேர்வின் பேரில் கார் உரிமத்தைக் கொண்டே 4,250 கிலோகிராம் வரையிலான மோட்டார் இல்லங்களை ஓட்ட வழிசெய்கின்றது. உறுப்பு நாடுகள் தத்தம் சட்டங்களைத் திருத்திய பின்னரே இது நடைமுறைக்கு வரும். ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண உரிமத்தைக் கொண்டு 26,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11,800 கிலோகிராம் வரை ஓட்டலாம்.

சாலை விதிகள்

பிரித்தானியாவில் வெற்று எடை 3,050 கிலோகிராமுக்கு மேற்பட்ட மோட்டார் இல்லங்களுக்குத் தடுப்பில்லாத இருவழிச் சாலைகளில் மணிக்கு 50 மைலும், நடுத்தடுப்புள்ள சாலைகளில் 60 மைலும் உச்ச வேகமாகும். அதற்குக் குறைந்த எடையுள்ளவை கார்களுக்குரிய வரம்பைப் பின்பற்றுகின்றன. செருமனியில் 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்டவை விரைவுச் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. ஆசுத்திரியாவில் 3,500 கிலோகிராம் வரையிலான ஊர்திகள் காலவரையறைக் கட்டண வில்லையைப் பெற்றால் போதும். அதற்கு மேற்பட்டவை ஓடிய தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஊர்தியின் உயரம் பெரும்பாலும் 2.6 முதல் 3.2 மீட்டர் வரை இருக்கும். ஆகவே உயரத் தடுப்புக் கம்பி உள்ள வாகன நிறுத்தங்களிலும் தாழ்ந்த பாலங்களின் அடியிலும் நுழைய இயலாது. உயரத்தையும் அகலத்தையும் எழுதி ஓட்டுநரின் பார்வையில் படுமாறு ஒட்டிவைப்பது நல்ல வழக்கம்.

நீரும் கழிவும்

மோட்டார் இல்லத்தில் நன்னீருக்கும் கழுவிய நீருக்கும் தனித்தனித் தொட்டிகள் உள்ளன. நிமிடத்துக்கு 5 லிட்டர் நீர் வரும் குழாயில் ஒருவர் 4 நிமிடம் குளித்தால் 20 லிட்டர் செலவாகும். எனவே 100 லிட்டர் தொட்டி ஐந்து குளியல்களில் தீர்ந்துவிடும். உடலை நனைத்து, குழாயை மூடிச் சோப்பு இட்டு, மீண்டும் திறந்து கழுவும் முறையை உரிமையாளர்கள் விரைவிலேயே பழகிக்கொள்கின்றனர்.

ஐரோப்பாவில் கேசட் கழிவறை பரவலாக உள்ளது. இதன் அடியில் உள்ள 20 லிட்டருக்குக் குறைவான கொள்கலனை வெளிப்புறக் கதவின் வழியாக எடுத்து, அதற்கென அமைந்த இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இப்பணி வரும். அமெரிக்க ஊர்திகளில் பெரிய நிலைத்தொட்டி இருக்கும். அதனைக் குழாய் மூலம் வடிக்கக் கழிவு நிலையங்கள் உண்டு. கேசட்டில் இடும் இரசாயனங்கள் கழிவுச் சிதைவுக்கு உதவும் நுண்ணுயிர்களைப் பாதிக்கக்கூடும். ஆகவே அதனை மழைநீர் வடிகாலிலோ ஆற்றிலோ கொட்டுவது சூழலுக்குக் கேடானது.

எரிவாயு

சமையல், வெந்நீர், அறை வெப்பமூட்டல், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்குத் திரவ எரிவாயு பயன்படுகின்றது. பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகை செல்சியசிலேயே ஆவியாவதை நிறுத்திவிடுவதால் குளிர்காலத்துக்கு உதவாது. புரொப்பேனின் கொதிநிலை −42 பாகை செல்சியசு ஆதலால் அது உறைபனியிலும் பயன்படும். கடுங்குளிரில் அறையை இடைவிடாது வெப்பமூட்டினால் 11 கிலோகிராம் உருளை சில நாட்களில் தீர்ந்துவிடும். உருளைகளின் இணைப்பு வடிவம் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. ஒரு நாட்டின் வெற்று உருளையை மற்றொரு நாட்டில் மாற்றிக்கொள்வது பொதுவாக இயலாது.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். அதனால் உருளை வைக்கும் அறை வசிப்பிடத்திலிருந்து அடைக்கப்பட்டு, அதன் அடியில் திறந்த காற்றுத்துளை விடப்படுகின்றது. இத்துளையைக் குளிருக்காகவோ பூச்சிக்காகவோ அடைப்பது உயிருக்கு ஆபத்தாகும். முழுமையாக எரியாத வாயுவிலிருந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. எனவே அதனை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி இன்றியமையாதது. செருமனியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிவாயு அமைப்பைத் தகுதி பெற்ற ஆய்வாளர் சோதிக்க வேண்டும்.

மின்சாரம்

எந்திரத்தை இயக்கும் மின்கலத்தைத் தவிர, வசிப்பிடப் பயன்பாட்டுக்கு 12 வோல்ட்டு மின்கலம் ஒன்று தனியாக இருக்கும். ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பயன்படத்தக்கது 50 ஆம்பியர்-மணி, அதாவது ஏறத்தாழ 600 வாட்டு-மணி மட்டுமே. விளக்கு, நீரேற்றி, கைப்பேசி மின்னேற்றம் ஆகியவற்றுக்கு இது போதும். 2,000 வாட்டு மின்கெண்டியை இன்வெர்ட்டர் வழியாக இயக்கினால் மின்கலத்திலிருந்து 165 ஆம்பியருக்கு மேல் ஈர்க்கப்படும். அதனைச் சிறிய மின்கலம் தாங்காது. எடை குறைந்தவையும் ஆழமாக வடியவிடத்தக்கவையுமான லித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலங்களும் கூரைச் சூரிய மின்தகடுகளும் இப்போது பரவலாகி வருகின்றன. வட ஐரோப்பியக் குளிர்காலத்தில் பகற்பொழுது குறுகியதாகவும் வெயில் தாழ்ந்தும் இருப்பதால், தகடுகள் தரும் மின்சாரம் கோடையைவிட மிகக் குறைவாக இருக்கும்.

முகாம் தளங்களில் 230 வோல்ட்டு இணைப்பு கிடைக்கும். பழைய தளங்களில் 6 ஆம்பியர் மட்டுமே தரப்படுவதுண்டு. அது 1,380 வாட்டுக்குச் சமம். மின்கெண்டியை இட்டவுடன் மின்வெட்டி விழுந்துவிடும்.

எரிவாயுவிலும் இயங்கும் உறிஞ்சல் வகைக் குளிர்பதனப் பெட்டியில் நகரும் பாகங்கள் இல்லை. ஊர்தி சாய்ந்து நின்றால் இது சரியாக இயங்காது. சக்கரங்களின் கீழ் சமன்படுத்தும் ஆப்புகளை வைப்பது படுக்கை வசதிக்காக மட்டுமன்று.

ஈரக்கசிவு

மோட்டார் இல்லத்தின் மதிப்பை அழிக்கும் முதன்மைக் காரணி நீர்க்கசிவு ஆகும். தனிக்கூடு வகைகளின் சுவர், பல தகடுகளை ஒட்டி உருவாக்கப்படுகின்றது. தகடுகளின் இணைப்புகள், சாளரங்கள், கூரைத் துளைகள் ஆகியவை கசிவடைப்புப் பசையால் மூடப்பட்டுள்ளன. பயணத்தின்போது கூடு தொடர்ந்து அதிர்ந்து முறுகுவதாலும், வெயிலும் குளிரும் மாறி மாறிப் படுவதாலும் இப்பசை காலப்போக்கில் வெடிக்கின்றது. நுழையும் நீர் சுவரினுள் இருக்கும் மரச்சட்டத்தை உள்ளிருந்தே அழுகச் செய்யும். கறை வெளியே தெரியும்போது சட்டம் ஏற்கெனவே உளுத்துப் போயிருக்கலாம். மரத்துக்கு மாற்றாகக் கண்ணாடியிழையும் நுரைப்பொருளும் கொண்டு கட்டப்படும் கூடுகளில் அழுகல் குறைவு.

ஆண்டுக்கு ஒருமுறை ஈரமானியால் சுவர்களைச் சோதிப்பது வழக்கம். பொதுவாக 15 விழுக்காட்டுக்குக் குறைவான அளவு இயல்பானது. 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் கசிவைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். புதிய ஊர்திகளின் கசிவு உத்தரவாதம் பல ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டாலும், அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் ஆண்டுச் சோதனை செய்து பதிந்திருந்தால் மட்டுமே அது செல்லும். ஓர் ஆண்டுச் சோதனையைத் தவறவிட்டவர் பின்னர் பெருஞ்செலவைத் தாமே ஏற்க நேரிடலாம்.

நிறுத்திவைத்தலும் பராமரிப்பும்

ஆண்டில் நான்கு வாரங்கள் பயணம் செய்யும் உரிமையாளரின் ஊர்தி மற்ற 337 நாட்கள் நின்றுகொண்டிருக்கும். 6 முதல் 7.5 மீட்டர் நீளமுள்ள ஊர்திக்கு வீட்டு வாயிலில் இடம் இல்லாதவர்கள் பாதுகாப்பான நிறுத்தகத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். சில குடியிருப்புகளில் வீட்டுப் பத்திர நிபந்தனைகளே இத்தகைய ஊர்தியை வாயிலில் நிறுத்துவதைத் தடுக்கின்றன.

நிற்கும் ஊர்தியும் தேய்கின்றது. குளிர்காலத்துக்கு முன் நீர்க்குழாய்கள், வெந்நீர்க் கலன், நீரேற்றி ஆகியவற்றிலிருந்து நீரை முழுவதும் வடிக்க வேண்டும். உறையும் நீர் விரிந்து அவற்றைப் பிளந்துவிடும். பல ஊர்திகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும்போது வெந்நீர்க் கலனைத் தானே வடிக்கும் அடைப்பிதழ் உண்டு. குழாய்களையும் நீரேற்றியையும் அது காப்பதில்லை.

டயர்கள் தேயும் முன்னரே முதுமையடைகின்றன. ஒரே இடத்தில் முழுச்சுமையுடன் நிற்பதால் பக்கச்சுவரில் வெடிப்பு ஏற்படும். பள்ள ஆழம் போதுமானதாக இருந்தாலும் வயது மிகுந்த டயர் நெடுஞ்சாலையில் வெடிக்கக்கூடும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண், உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். எடுத்துக்காட்டாக 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் ஆகும்.

இரவு தங்குதல்

விரும்பிய இடத்தில் நிறுத்தி உறங்கலாம் என்ற எண்ணமே பலரை மோட்டார் இல்லம் வாங்கத் தூண்டுகின்றது. சட்டம் அவ்வாறு இல்லை. செருமனியில், ஓட்டுநர் களைப்பு நீங்கிப் பயணத்தைத் தொடரும் பொருட்டுப் பொது நிறுத்தத்தில் ஓரிரவு உறங்குவது பொதுவாக ஏற்கப்படுகின்றது. மேசை, நாற்காலி, பந்தல் ஆகியவற்றை வெளியே விரித்தால் அது முகாமிடுதல் ஆகிவிடும். சுவீடன், நோர்வே நாடுகளில் இயற்கை நிலங்களில் யாவரும் நடந்து செல்லவும் கூடாரமிடவும் உரிமை உண்டு. அந்த உரிமை, சாலையை விட்டு விலகி மோட்டார் ஊர்தி ஓட்டுவதற்குப் பொருந்தாது. நியூசிலாந்து 2023 இல் இயற்றிய சட்டம், பொது இடங்களில் தங்கத் தகுதிச் சான்று பெறும் ஊர்திகளில் நிலையாகப் பொருத்திய கழிவறை இருக்க வேண்டும் என விதித்தது.

பிரான்சில் ஏர் எனவும் செருமனியில் ஸ்டெல்பிளாட்ஸ் எனவும் அழைக்கப்படும் எளிய தரிப்பிடங்களை ஊராட்சிகள் பல அமைத்துள்ளன. குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ நிறுத்தி, நீர் நிரப்பிக் கழிவை வடிக்கலாம். பிரித்தானியாவில் 1907 இல் தொடங்கப்பட்ட கேரவன் மன்றம், 2017 இல் கேரவன் மற்றும் மோட்டார்ஹோம் மன்றம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் உறுப்பினர்களுக்கெனப் பண்ணைகளில் ஐந்து ஊர்திகள் மட்டும் தங்கும் சிறு தளங்கள் உள்ளன.

ஊர்திகள் பெருகுவதால் உள்ளூர் மக்களுடன் பூசல்களும் எழுகின்றன. இசுக்கொட்லாந்தின் வடகரையைச் சுற்றி 2015 இல் அறிமுகமான 516 மைல் நீள நார்த் கோஸ்ட் 500 பயண வழியில் பல பகுதிகள் ஒரே ஊர்தி செல்லும் அகலமே உடையவை. எதிரே வருபவருக்கு இடம்விட அமைந்த ஒதுக்கிடங்களில் இரவு தங்குவதும், சாலையோரத்தில் கழிவு கொட்டுவதும் அங்குள்ளவர்களின் முறையீடுகளாகும். கட்டுப்பாடற்ற பயன்பாடு, தடுப்புக் கம்பிகளுக்கும் தடை அறிவிப்புகளுக்கும் வழிவகுத்து, முறையாக நடப்பவர்களையும் பாதிக்கின்றது.

செலவுகள்

கொள்முதல் விலையைத் தவிர உரிமையாளர் ஏற்க வேண்டிய செலவுகள் பின்வருமாறு.

* காப்பீடு, சாலை வரி, வாகனத் தகுதிச் சோதனை
* எந்திரப் பராமரிப்பு
* வசிப்பிடப் பகுதியின் ஆண்டுச் சோதனை
* டயர், மின்கலம் ஆகியவற்றின் காலமுறை மாற்றம்
* நிறுத்தக வாடகை
* எரிபொருள், எரிவாயு, தங்குமிடக் கட்டணம்
* மதிப்பிறக்கம்

இவற்றுள் முதல் ஐந்தும் ஏழாவதும் ஊர்தி நகராவிட்டாலும் ஏற்படுபவை. ஓர் ஆண்டின் நிலைச்செலவை அவ்வாண்டு ஊர்தியில் கழித்த இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் இரவின் உண்மை விலை கிடைக்கும். 100 இரவுகள் பயன்படுத்துபவருக்கு அது விடுதி வாடகையை விடக் குறையலாம். 20 இரவுகள் மட்டும் பயன்படுத்துபவருக்கு ஐந்து மடங்காகும். ஆகவே விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கு வாடகை மோட்டார் இல்லம் சிக்கனமாக அமையக்கூடும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

* மழைக்காலத்தில் ஒரு வாரமாவது அதே அளவுள்ள ஊர்தியை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பார்த்தல்
* தயாரிப்பாளர் அட்டவணையை மட்டும் நம்பாமல் உண்மை எடையை எடைமேடையில் அறிதல்
* பயண இருக்கைகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்தல்
* பழைய ஊர்தியாயின் மூலைகள், சாளர ஓரங்கள், படுக்கைப் பெட்டிகளின் உட்புறம் ஆகியவற்றில் ஈரம் சோதித்தல்
* டயர்களின் உற்பத்தி நாளையும் ஆண்டுச் சோதனைப் பதிவேட்டையும் பார்த்தல்
* நிறுத்துமிடத்தை முன்னரே உறுதி செய்தல்

முழுநேர வாழ்வு

சிலர் வீட்டை விற்றுவிட்டு மோட்டார் இல்லத்திலேயே நிலையாக வாழ்கின்றனர். அமெரிக்காவில் வாடகை செலுத்த இயலாமல், பருவகால வேலைகளைத் தேடி ஊர்தியில் வாழும் முதியோரின் நிலையை ஜெசிகா புரூடர் எழுதி 2017 இல் வெளியான நோமட்லேண்ட் நூல் பதிவு செய்தது. அதனைத் தழுவி குளோயி சாவோ இயக்கிய திரைப்படம் 2020 இல் வெளிவந்தது.

நிலையான முகவரி இல்லாமை முழுநேர வாழ்வின் பெரிய தடையாகும். ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வங்கிக் கணக்கு, வாக்குரிமை, மருத்துவப் பதிவு ஆகியவை முகவரியைச் சார்ந்துள்ளன. சாதாரண விடுமுறைக் காப்பீடு முழுநேரக் குடியிருப்பை உள்ளடக்காமல் இருக்கலாம். எந்திரம் பழுதாகிப் பணிமனையில் நிற்கும் நாட்களில் குடியிருப்போருக்கு வீடும் இல்லாமல் போகின்றது.

1978 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் மன்றம், டெக்சாசு மாநிலத்தின் லிவிங்ஸ்டன் நகரில் உறுப்பினர்களுக்கு அஞ்சல் முகவரிச் சேவையை வழங்குகின்றது. முதுமையாலோ நோயாலோ ஓட்ட முடியாத நிலையை அடைந்தவர்கள் தங்கள் ஊர்தியிலேயே தங்கி உணவும் உதவியும் பெறும் மையம் ஒன்றும் அங்கு உள்ளது. ஓடுவதை நிறுத்திய பின்னரும் மோட்டார் இல்லம் சிலருக்கு இல்லமாகவே நீடிக்கின்றது.

இவற்றையும் பார்க்க

* கேரவன்
* முகாமிடல்
* திரவப் பெட்ரோலிய வாயு
* ஈய-அமில மின்கலம்